சண்டே ஸ்கூலுக்கு ஆள் வரவில்லையா, வந்த ஆள் நிற்கவில்லையா?

கோத்தகிரி பக்கத்துச் சபை ஒன்றில் புதிதாக சண்டே ஸ்கூல் பொறுப்பை எடுத்திருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பிள்ளைகள் நாற்பது பேருக்கு மேல், டீச்சர்கள் மூன்றே பேர். ஆராதனை முடிவில் பல வாரம் அறிவிப்பு கொடுத்தும் ஒருவரும் வரவில்லை. போன வருஷம் சேர்ந்த நாலு பேரும் கிறிஸ்மஸ் முடிந்ததும் நின்றுவிட்டார்கள். மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தால் வருவார்கள் என்று கமிட்டியில் ஒருவர் சொல்கிறார். இதற்கு நடுவில் ஊருக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, தானே வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். ஆள் பிடிப்பது எப்படி, அந்தத் தம்பியைச் சேர்க்கலாமா என்பது கேள்வி.

ஆள் பிடிப்பது எப்படி என்று எழுதியிருந்தாலும், சகோதரி, உங்கள் கேள்விக்குள் இருப்பது அந்த நாலு பேர் ஏன் நின்றார்கள் என்பதுதான். அது தெரியாமல் இன்னும் நாலு பேரைச் சேர்த்தால் அவர்களும் அடுத்த கிறிஸ்மஸ் வரைதான். நான் குன்னூரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். பல வருஷம் சண்டே ஸ்கூல் கண்காணிப்பாளராகவும் இருந்தேன், பக்கத்துச் சேகரங்களின் (ஒரே ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளின்) டீச்சர்களுக்குப் பயிற்சியும் கொடுத்து வருகிறேன். எனக்குப் பழக்கம் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையின் சபைகள்தான். கூடலூர், பந்தலூர் பக்கத்து மலையாளச் சபைகளுக்கும், வீட்டில் கூடும் சின்னச் சபைகளுக்கும் நான் சொல்வதெல்லாம் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

முதல் வேலையாக அந்த நாலு பேர் வீட்டுக்கும் போய் வாருங்கள். திரும்ப வரச் சொல்லிக் கேட்காதீர்கள். “எது கஷ்டமாக இருந்தது?” என்று மட்டும் கேளுங்கள். “நேரமே இல்லைக்கா” என்பதுதான் முதல் பதிலாக வரும். பொய்யில்லை, எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் வீடு. துணி துவைக்கவும் ரேஷன், மளிகை வாங்கவும் அதே நாள்தான். ஆனால் இரண்டாவது டம்ளர் டீ வரும்போது வேறு காரணங்கள் வெளியே வரும். நான் கேட்டவரை, நின்றுபோனவர்கள் சொல்வது பெரும்பாலும் நாலைந்து விஷயங்களுக்குள் அடங்கிவிடும்.

அதில் அடிக்கடி வருவது, “எனக்கு ஆராதனையே இல்லாமல் போய்விட்டது.” பிரசங்க நேரத்தில் பிள்ளைகளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போகிற சபைகளில் டீச்சர் வருஷம் முழுக்கப் பிரசங்கமே கேட்பதில்லை. அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து ஞாயிற்றில்கூட, பிள்ளைகளைத் தனியே விட்டு எப்படிப் போவது என்று கடைசி வரிசையோடு ஓடி வந்து எடுத்துக்கொண்டு திரும்ப ஓடுவார்கள். ஆறு மாதம் இப்படிப் போனால் யாருக்கும் உள்ளே வறண்டுவிடும். கண்காணிப்பாளருக்கு இது கண்ணில் படாது, ஏனென்றால் அவரும் பின்கட்டில்தான் இருப்பார். இதற்கு ஒரே வழி இரண்டு குழு. ஒரு மாதம் ஒரு குழு, அடுத்த மாதம் மற்றக் குழு. மூன்று பேரை வைத்து எப்படி இரண்டு குழு என்று கேட்பீர்கள். அதற்கு வருகிறேன்.

அடுத்தது, தனியாக விட்டுவிடுவது. புது டீச்சரை முதல் ஞாயிறே, “இவங்கதான் இனிமேல் உங்க அக்கா” என்று அறிமுகம் செய்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போவது நம் சபைகளில் சாதாரணம். உள்ளே பதினெட்டுப் பிள்ளைகள். ஒருவன் பெஞ்சின் மேல் நிற்கிறான், ஒருத்திக்கு பாத்ரூம் போக வேண்டும், இரண்டு பேர் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்துக்கொண்டு சண்டை. பொருட்கள் வைத்திருக்கும் டப்பாவைத் திறந்தால் மூடியில்லாத ஸ்கெட்ச் பேனா, காய்ந்து கட்டியான ஃபெவிகால், காகிதத்தைக் கடிக்கும் கத்தரிக்கோல். பீரோ சாவி ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம், அவர் மணி அடிக்கப் போயிருப்பார். அந்த அரை மணி நேரத்தில் அவர் மனதில், இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று பதிந்துவிடும். வெளியே “நேரமில்லை” என்று வருவது அதுதான்.

மூன்றாவது, முடிவுத் தேதி இல்லாமை. நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும், சண்டே ஸ்கூலுக்கு ஒருமுறை சரி என்று சொன்னால், கல்யாணமாகி ஊர் மாறினால்தான் விடுதலை என்று. அதனால்தான் அறிவிப்பு கொடுக்கும்போது எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பிக்கிறார்கள். அன்பு இல்லாமல் இல்லை, மாட்டிக்கொள்ளும் பயம். ஜூனில் ஆரம்பித்து நவம்பர் கடைசி வரை, மாதம் இரண்டு ஞாயிறு என்று அளந்து கேட்டால் அதே ஆட்கள் யோசிப்பார்கள். நவம்பர் கடைசியில் நீங்களே அவரிடம் போய், “சொன்ன காலம் முடிந்தது, நன்றி. தொடர விருப்பமா, ஓய்வு வேண்டுமா?” என்று கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால், அடுத்த தடவை நீங்கள் சொல்லும் தேதியை யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்போது ஆள் எங்கே என்ற கேள்வி. மேடையிலிருந்து கொடுக்கும் அறிவிப்பை நான் நம்புவதில்லை. எல்லோரையும் கேட்டால் யாரையும் கேட்காத மாதிரிதான். ஒரு தாளை எடுத்து வேலைகளைத் தனித்தனியாக எழுதுங்கள். கதை சொல்வது ஒரு வேலை. அறையைத் திறந்து பாய் விரிப்பது ஒரு வேலை. வருகைப் பதிவேடு, பாட்டு, சார்ட் எழுதுவது, பாலும் பிஸ்கட்டும் கொடுப்பது, வாசலில் நின்று எந்தப் பிள்ளை யாரோடு போகிறது என்று பார்ப்பது, எல்லாமே தனி வேலை. இதையெல்லாம் ஒரே டீச்சர் தலையில் வைத்துவிட்டு டீச்சர் கிடைக்கவில்லை என்று அலைகிறோம். கதை சொல்லத் தெரிந்தவர் உங்களுக்கு நாலு பேர் போதும். மற்ற வேலைகளுக்கு, எனக்குப் பாடம் நடத்த வராது என்று ஒதுங்கி நிற்கிறவர்களே தாராளம். இரண்டு குழுவுக்கான கணக்கு இங்கேதான் சரியாகிறது.

நான் பார்த்ததில் மழலையர் வகுப்புக்குக் கிடைத்த மிக நல்ல ஆள், தேயிலை பறிக்கப் போகும் ஒரு அம்மா. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். டீச்சராகக் கேட்டிருந்தால் ஓடியிருப்பார். “சின்னதுங்க அழுதால் தூக்கிக்க ஒரு ஆள் வேணும்மா, வர்றீங்களா?” என்று கேட்டதும் வந்துவிட்டார். நாலு வயசுப் பிள்ளைகள் அம்மாவைத் தேடி வாசலைப் பார்க்கும்போது, சேலைத் தலைப்பில் முடிச்சுப் போட்டு எலி செய்து உட்கார வைத்துவிடுவார். எந்தப் பயிற்சி வகுப்பிலும் அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. அதே மாதிரி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ், தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஃபிட்டர், ரிட்டயரான போஸ்ட்மேன் என்று உங்கள் சபையிலும் இருப்பார்கள். ஆண்களை நாம் கேட்பதே இல்லை, அப்புறம் ஆண்கள் வருவதில்லை என்கிறோம்.

கேட்கும் முறையும் முக்கியம். ஆராதனை முடிந்து கை குலுக்கும் வரிசையில் பிடித்துக் கேட்டால் மறுக்க முடியாமல் தலையாட்டுவார்கள், மூன்றாவது வாரம் காணாமல் போவார்கள். நேரில், தனியாக, என்ன வேலை, எத்தனை நாள், யார் கூட இருப்பார் என்று சொல்லிக் கேளுங்கள். ஒரு வாரம் யோசிக்க விடுங்கள். முடியாது என்றால் இரண்டாம் முறை வற்புறுத்த வேண்டாம். முதல் நாலு ஞாயிறு சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும், எந்தப் பொறுப்பும் வேண்டாம். இந்த நாலு வாரத்தில் அவருக்கும் தெரிந்துவிடும், உங்களுக்கும் தெரிந்துவிடும்.

இளைஞர்கள் விஷயத்தில் நம் மலைக்கென்று ஒரு நிலைமை இருக்கிறது. பன்னிரண்டாவது முடித்ததும் கோயம்புத்தூர், திருப்பூர் என்று படிக்கவோ வேலைக்கோ இறங்கிவிடுகிறார்கள். இங்கே இருக்கிறவர்களும் சீசனில் கிடைக்க மாட்டார்கள். ஏப்ரல், மே மாதங்களில் டாக்ஸி, காட்டேஜ், சாக்லேட் கடை என்று ஆளாளுக்கு வேலை இருக்கும் நேரத்தில்தான் நாம் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியை வைக்கிறோம். சமவெளிக்குப் பொருந்தும் அட்டவணையை அப்படியே மேலே கொண்டுவந்ததால் வந்த வினை இது. மேயில் பத்து நாள் வைப்பதற்குப் பதிலாக காலாண்டு விடுமுறையில் ஐந்து நாள் வைத்துப் பாருங்கள் என்று நான் சொல்வதுண்டு. மழை ஒரு சிக்கல்தான். ஆனால் உங்கள் கோத்தகிரி பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான், அதற்குள் முடித்துவிடலாம். கீழே இருந்து மேயில் உதவிக்கு வரும் குழுக்கள் பாட்டும் பொம்மலாட்டமுமாகக் கலக்கிவிட்டுப் போவார்கள். நல்லதுதான், ஆனால் ஜூன் முதல் ஞாயிறு அவர்கள் இருக்க மாட்டார்கள்.

டீச்சர்களுக்குத் துணையாக இருப்பது என்றால் என்ன என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்தக் கூட்டம் வைக்காதீர்கள். ஆறு மணிக்கு மேல் எஸ்டேட் பாதையில் காட்டெருமையும் கரடியும் நிற்கிற ஊரில், கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு ஒரு பெண் எப்படி வீடு போவாள்? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டீயும் வர்க்கியும் வைத்து நாற்பது நிமிடம் போதும். அன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது என்று ஆளுக்கு இரண்டு நிமிடம், மீதி நேரம் அடுத்த வாரப் பாடம். பாடத்தைப் பற்றிப் பேசாதீர்கள், ஒருவர் கதையைச் சொல்லிக் காட்டட்டும், மற்றவர்கள் பிள்ளைகளாக உட்காரட்டும். வீட்டுக்குப் போகும்போது பாடம் பாதி தயாராகியிருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். இன்று நம் பிள்ளைகளில் நிறையப் பேர் இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேசுவார்கள், தமிழ் வேதாகமத்தைக் கொடுத்தால் திணறுவார்கள். படுக ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி படுகு. தமிழ் மனப்பாட வசனத்தை நம்பியே பாடம் நடத்தப் பழகிய மூத்த டீச்சர்கள் இந்தப் பிள்ளைகள் முன்னால் திகைத்துப் போகிறார்கள். சின்ன வயசு டீச்சர்களோ தமிழில் படிக்கத் தயங்குகிறார்கள். ஒரு மூத்தவரையும் ஒரு இளையவரையும் ஜோடியாகப் போட்டால் இது பாதி தீரும்.

ஜோடி என்றதும் பாதுகாப்பு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே சட்டம் தெளிவாக இருப்பது எது, என் கருத்து எது என்று பிரித்துச் சொல்கிறேன். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைப் பாதுகாக்கும் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி பதினெட்டு வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள். அதாவது திருவிருந்தில் சேர ஆயத்தம் செய்யும் திடப்படுத்தல் வகுப்பில் இருக்கும் பதினாறு வயசுப் பெண்ணை உதவிக்கு வைத்தால், அவளும் நீங்கள் பாதுகாக்க வேண்டிய பிள்ளைதான், பெரியவர் கணக்கில் வர மாட்டாள். குற்றம் நடந்தது தெரிந்தால், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தால்கூட, சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 19-ம் பிரிவு. நடந்த குற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால் 21-ம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் இருப்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும். சபைக்கு இதில் விலக்கு கிடையாது. “கமிட்டிக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்” என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், கேட்காதீர்கள். நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது என்பதும் அதே 19-ம் பிரிவில் இருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் டீச்சர்கள் எல்லோருக்கும் கொடுத்து வையுங்கள். ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். துருவித் துருவி விசாரிக்கக் கூடாது, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுக்கக் கூடாது.

இனி கொஞ்சம் சந்தேகம் உள்ள இடம். 2020-ம் ஆண்டின் போக்சோ விதிகள், பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர்களைப் போலீஸ் மூலம் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. சம்பளம் வாங்காத சண்டே ஸ்கூல் டீச்சர் அந்தப் பணியாளர் என்ற சொல்லுக்குள் வருவாரா என்று கேட்டால் இரண்டு பக்கமும் வாதம் செய்யலாம். நான் வக்கீல் இல்லை. ஆனால் வருவார் என்று வைத்துக்கொண்டு நடந்தால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அந்தப் புதுத் தம்பி விஷயம் இதோடு சேர்ந்தது. அவர் நல்லவராகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் ஊருக்கு வந்து சில வாரமே ஆன யாரையும் நேராகப் பிள்ளைகள் அறைக்குள் விடக் கூடாது. சபைக்கு வந்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. சட்டம் சொல்லும் கணக்கு இல்லை. முன்பு இருந்த சபையின் ஆயரிடம் உங்கள் ஆயர் போனில் பேசட்டும், போலீஸ் சரிபார்ப்பும் முடியட்டும். அதுவரை ஒலிபெருக்கி, நாற்காலி, பாடகர் குழு என்று வேறு வேலை கொடுங்கள். “தம்பி, இது உங்களுக்கு மட்டுமில்லை, எங்க சபையில் எல்லோருக்கும் இதே முறைதான்” என்று சொன்னால் நல்ல மனுஷன் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்படிச் சொல்வது உண்மையாக இருக்க வேண்டுமானால், கமிட்டி செயலாளரின் மகனுக்கும் அதே முறைதான். ஒரு அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், அவர்கள் கணவன் மனைவியாக இல்லாமல் இருப்பது நல்லது. கதவு திறந்திருக்க வேண்டும். குளிருக்கு மூடத்தான் வேண்டும் என்றால் கதவில் கண்ணாடி பொருத்துங்கள். பிள்ளைகளின் போட்டோவைப் பெற்றோர் சம்மதமில்லாமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. இதெல்லாம் பிள்ளைகளுக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை, டீச்சருக்கும்தான். யாராவது ஏதாவது புகார் சொன்னால், கூட இருந்தவர் ஒருவர் இருப்பார்.

புகார் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு சபையில் நன்றாக நடத்திக்கொண்டிருந்த ஒரு டீச்சர், ஒரு பையனை அதட்டினார் என்பதற்காக அவன் அப்பா ஆராதனைக்குப் பின் முற்றத்தில் எல்லோர் முன்னாலும் கத்தினார். சுற்றி நின்ற பெரியவர்கள் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்கள். அடுத்த வாரம் அந்த டீச்சர் வரவில்லை, அவரோடு இரண்டு பேரும் வரவில்லை. பெற்றோர் குறை எதுவானாலும் முதலில் கண்காணிப்பாளரிடம்தான் வர வேண்டும் என்று வருஷத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். டீச்சர் செய்தது தப்பாகவே இருந்தாலும் நீங்கள் அவரிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம். முற்றத்தில் அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டியது உங்கள் வேலை.

பணம் கொடுக்கலாமா என்பதற்கு ஒரு சின்னக் கதை. ராபர்ட் ரெய்க்ஸ் 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் ஊரில் ஞாயிறு பள்ளி தொடங்கியபோது, பாடம் சொல்லிக்கொடுத்த பெண்களுக்கு ஞாயிறு ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் கூலி கொடுத்தார். சம்பளமில்லாமல் செய்வது பிறகு வந்த வழக்கம்தான். ஆகவே பணம் கொடுப்பது பாவம் என்று யாராவது சொன்னால் அது சரித்திரம் இல்லை. ஆனாலும் மாதத் தொகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் சபை கொடுக்கக்கூடிய தொகைக்காக யாரும் வரப்போவதில்லை, ஏற்கெனவே சும்மா செய்துகொண்டிருக்கும் மூன்று பேர் மனம் மட்டும் நோகும். யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு வேறு ஆரம்பிக்கும். ஆனால் கைக்காசு செலவழிக்க வைக்காதீர்கள். பெண்களுக்கு அரசு பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் 2024-ல் நம் மலைக்கும் வந்தது. ஞாயிறு காலை பஸ் வராத ஊர்க்காரர்கள் ஷேர் ஜீப்பில்தான் வருகிறார்கள், அந்தக் காசைக் கொடுங்கள். சார்ட், கலர், ஜெராக்ஸ் செலவுக்குச் சேகரக் கமிட்டியின் வரவு செலவில் தனி வரி போடச் சொல்லுங்கள். பில் கொண்டுவந்த அன்றே பணம் கைக்குப் போக வேண்டும். கமிட்டி கூடும்வரை காத்திருக்க வைத்தால் அடுத்த முறை பில்லே வராது, டீச்சர் சொந்தக் காசில் வாங்கி மௌனமாகிவிடுவார்.

பயிற்சிக்கு எங்கே போவது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். இந்த விஷயத்தில் நம் மலைக்குப் பழைய உறவு உண்டு. 1876-ல் தொடங்கிய இந்திய ஞாயிறு பள்ளி ஒன்றியம் நெடுங்காலம் குன்னூரிலிருந்துதான் இயங்கியது. இப்போது உங்கள் பேராயரின் திருமண்டல அலுவலகத்தில் கேட்டால் பயிற்சி முகாம் எப்போது என்று சொல்வார்கள். முகாமுக்கு ஒருவரை மட்டும் அனுப்பாதீர்கள், இரண்டு பேராக அனுப்புங்கள். ஒருவர் போனால் கேட்டதையெல்லாம் நோட்டில் எழுதி பீரோவில் வைத்துவிடுவார். இரண்டு பேர் போனால் திரும்பி வரும் பஸ்ஸிலேயே எதை நம் சபையில் செய்யலாம் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்போது இருக்கும் அந்த மூன்று பேரை மறந்துவிடாதீர்கள். புது ஆள் தேடும் மும்முரத்தில் பழைய ஆள் தேய்ந்துபோவது தெரியாது. புதிதாக இரண்டு பேர் நிலைத்ததும், மூவரில் அதிக வருஷம் ஆனவருக்கு மூன்று மாத ஓய்வு கொடுங்கள். அவர் வேண்டாம் என்பார், வற்புறுத்திக் கொடுங்கள். நாற்பது பிள்ளைகளையும் ஒரே அறையில் வைத்திருக்கிறீர்களா, வகுப்பு ஆராதனைக்கு முன்பா, பிரசங்க நேரத்திலா என்று நீங்கள் எழுதவில்லை. அதைச் சொன்னால் இரண்டு குழுவுக்கும் மாத அட்டவணை எப்படிப் போடலாம் என்று எழுதுகிறேன்.